நாட்டாமையின் முதுகு

விடிவதற்கு முன்பே லொறிகள் வந்து புறக்கோட்டைத் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. இரவு முழுக்கக் களனிப் பாலத்தடி இராணுவச் சோதனையில் கிடந்துவிட்டு, விட்டதும் விடாததுமாக எல்லாம் ஒன்றாய் வந்து குவிந்திருந்தன. யுத்தம் நடப்பது வடக்கிலே. அதன் பாரம் இறங்குவதோ இங்கே நாட்டாமைகளின் முதுகிலே. மூட்டை சுமக்கிறவனுக்குப் புறக்கோட்டையில் நாட்டாமை என்றுதான் பெயர். பெயருக்கு ஒன்றும் குறைச்சலில்லை!

சாக்குத் தூசி மூக்கில் ஏறியது. பருப்புத் தூள் வியர்வையில் கரைந்து பிடரியில் பசையாய் ஒட்டியது. குனிந்த தலைகள் லொறிக்கும் ஸ்டோருக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தன. நடந்தால் போதாது, ஓட வேண்டும். ஸ்ரீஸ்கந்தராசா முதலாளி வெள்ளவத்தையிலிருந்து காரில் வந்து இறங்கும்போது முதல் லொறி வெறுமையாக இருக்க வேண்டும் என்பது கட்டளை.

ஒஸ்வால்ட் அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தான். சேர்ட்டுக்குள் இடுப்பைச் சுற்றி ஆஸ்பத்திரியில் கொடுத்த பெல்ட் இறுக்கியிருந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்தே வந்துவிட்டான். அதுவே அவனுக்குப் பெரிய சந்தோஷம். போன மழைக்காலத்தில் இதே ஸ்டோர் வாசலில் முதுகில் மூட்டையோடு சரிந்து விழுந்தவன் அவன். இடுப்பிலிருந்து குதிக்கால் வரை ஒற்றை நரம்பை நெருப்பில் வாட்டியதுபோல வலி. முள்ளந்தண்டின் வட்டு பிதுங்கி நரம்பை நசுக்குகிறது என்றார்கள் அரசாங்க ஆஸ்பத்திரியில். கட்டிலில் கிடத்தி, இடுப்பில் வார் பூட்டி, கால்மாட்டில் பாரம் தொங்கவிட்டு முதுகை இழுத்தார்கள். ஊரார் பாரமெல்லாம் சுமந்த மனுசனுக்கு இங்கேயும் பாரம்தானா என்று மனைவி மெற்றில்டா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பிறகு பயிற்சி. பிசியோ மிஸ் ஒரு சிங்களப் பெண். கட்டிலிலிருந்து பக்கவாட்டில் சரிந்து எழும்புவது, குப்புறப் படுத்துக் கையூன்றி நெஞ்சை உயர்த்துவது, சுவரைப் பிடித்து நுனிக்காலில் நிற்பது என்று எல்லாவற்றையும் அடியிலிருந்து சொல்லிக் கொடுத்தாள். செத்துக் கிடந்த பெருவிரல் ஒருநாள் மெல்ல நிமிர்ந்தபோது இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். இன்னும் கொஞ்சக் காலம் செவ்வாயும் வெள்ளியும் பயிற்சிக்கு வந்தே ஆக வேண்டும் என்றாள். குனிந்து பாரத்தைப் பிடித்துக்கொண்டு திரும்புகிற வேலையை மறந்தும் செய்யாதே, செய்தால் அந்தக் கால் விளங்காமலே போய்விடும் என்றும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

ஆனால் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? அவன் படுத்திருந்த காலமெல்லாம் கூட்டாளிகள் தங்கள் கூலிப் பங்கில் கிள்ளிக் கிள்ளி மெற்றில்டாவிடம் கொடுத்துவந்தார்கள். எத்தனை நாளைக்கு அந்தச் சோற்றைத் தின்பது? கூசிப்போய்த்தான் அவன் புறப்பட்டு வந்தான்.

கூட்டாளிகளில் மூத்தவன் மட்டக்களப்புப் பெரியதம்பி. ஒஸ்வால்டைக் கண்டதும் கட்டிப்பிடித்தான். நீ ஒன்றும் சுமக்க வேண்டாம், லொறிக்கு மேலே நின்று தூக்கிவிட்டால் போதும் என்றான். நாட்டாமைகள் கணக்கில் அது சொகுசு வேலை. காய்ச்சல்காரனுக்கும் வயசாளிக்கும் அதைத்தான் கொடுப்பார்கள், ஓட வேண்டியதில்லையே! மேலே நிற்பவன் குனிந்து மூட்டையைப் பற்றி, இடுப்பைத் திருப்பி, கீழே நிற்பவன் முதுகில் இறக்க வேண்டும். முன்பெல்லாம் இருவர் சேர்ந்து தூக்கிவிடுவார்கள். லாபம் குறைகிறது என்று முதலாளி அதில் ஒருவனை நிறுத்திவிட்டார்.

மிஸ் வேண்டாமென்றது அச்சாக இந்த வேலையைத்தான். ஒஸ்வால்டுக்கு அது தெரியும். என்றாலும், பசியோடு தன்னைத் தாங்கியவர்கள் ஆசையாய் நீட்டுவதை எப்படித் தட்டுவது? வாயை மூடிக்கொண்டு மேலே ஏறினான். மடத்தனம்தான், வேறென்ன சொல்ல?

இரண்டாவது லொறி பாதி இறங்கியிருக்கும். முதுகு கொடுக்க வந்த சிங்களக் கூட்டாளி சோமபால, ஒஸ்வால்டின் செருப்பு ஒன்று கீழே கிடக்கிறதே என்றான். அது எப்போது கழன்றது? ஒஸ்வால்டுக்குத் தெரியவில்லை. குனிந்து காலைப் பார்த்தான். பெருவிரலை நிமிர்த்தப் பார்த்தான். அது அசையவில்லை. பலகையைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, மிஸ் சொன்னதை அப்போதுதான் எல்லோருக்கும் சொன்னான்.

பெரியதம்பி தலையில் கையை வைத்துக்கொண்டான். "ஏன்டா மனிசா முதல்லயே சொல்லல்ல? நல்லது செய்யிறம் எண்டு நாங்களே உன்ட காலை முறிக்கப் பாத்தமே."

பிறகு, தன் இடது காலும் கன நாளாக விறைத்துத்தான் கிடக்கிறது என்றான். அவன் சொன்னதும் மற்றவர்களும் வாய் திறந்தார்கள். ஒருவன் தரையில்தான் படுக்கிறானாம். சோமபாலவால் இருமக்கூட முடியாதாம், இருமினால் இடுப்பு தெறிக்கிறதாம். தெரிந்தால் வேலை போய்விடும் என்று ஆளுக்கு ஆள் ஒளித்து வைத்திருந்த ஒரே வலி!

அந்த நேரம் பார்த்து முதலாளியின் கார் வந்து நின்றது.

"என்ன, லொறிக்குப் பூசை நடக்குதோ?"

பெரியதம்பி எல்லோருக்குமாகப் பேசினான். முன்புபோல லொறிக்கு மேலே இருவர் வேண்டும். ஒஸ்வால்ட் தள்ளுவண்டி தள்ளட்டும், கிழிந்த சாக்கை நின்றபடி தைக்கட்டும். ஆஸ்பத்திரிக்குப் போகிற காலைகளில் அவன் பங்கை வெட்டக் கூடாது.

"இது கடை. ஆஸ்பத்திரியில்லை" என்றார் முதலாளி. "ஏலாதவன் வீட்டில படுக்கட்டும். ஒருகொடவத்தையில ஆள் பிடிக்கிறவனுக்கு ரெலிபோனில ஒரு கோல் அடிச்சனெண்டால் வேற ஆக்கள் வந்து நிப்பாங்கள்."

"உங்கட வாசல்லதான் முதலாளி விழுந்தனான்" என்றான் ஒஸ்வால்ட். "வீட்டில விழயில்ல."

முதலாளி கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார். "தமிழனெண்டு இரக்கப்பட்டு வைச்சிருக்கிறன். ரவுண்டப்பில பிடிச்ச நேரமெல்லாம் ஆர் வந்து பொலிசில கதைச்சது? யோசிச்சுக் கதை."

அது உண்மை. தமிழரைச் சுற்றிவளைத்துப் பிடித்த போதெல்லாம் பொலிசில் பேசி மீட்டு வந்தவர் அவர்தான். உண்மையாக இருந்ததால்தான் எல்லோருக்கும் சுட்டது. அவர் சோமபாலவின் பக்கம் திரும்பி, உனக்கு இதில் ஒரு கரைச்சலும் இல்லை, நீ ஏறு என்று சிங்களத்தில் சொன்னார். சோமபால தோளில் கிடந்த சாக்கை எடுத்து உதறினான். லொறிக்கு முன்னால் தரையில் விரித்து அதிலே உட்கார்ந்தான்.

"எனக்கும் முதுகு இருக்குதானே முதலாளி" என்றான், தனக்குத் தெரிந்த தமிழில்.

ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் உட்கார்ந்தார்கள். பின்னால் நின்ற வாகனங்கள் ஹோர்ன் அடித்தன. முதலாளி கடைக்குள் ஓடிப் போய் ரெலிபோனை எடுத்தார். ஒஸ்வால்ட் மட்டும் நின்றான். மடங்கி உட்கார்ந்தால் நரம்பு நசுங்கும், அவனால் முடியாது.

ஹோர்ன் சத்தத்துக்குச் சந்தியில் நின்ற பொலிஸ் ஜீப் வந்தது. இறங்கிய அதிகாரி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்க்கவில்லை, நின்றவனைத்தான் பார்த்தார். அடையாள அட்டையை வாங்கிப் புரட்டினார். தமிழன். நீதான் தலைவனா என்று கேட்டார். அந்த நாட்களில் ஓம் என்றாலும் ஆபத்து, இல்லை என்றாலும் ஆபத்து. ஒஸ்வால்ட் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்துவிடலாம் என்று முழங்காலை மடக்கினான். வலி உச்சந்தலைக்கு ஏறியது. முடியவில்லை.

சோமபால எழுந்தான். ஒஸ்வால்டின் தோளோடு தோளாக வந்து நின்றான். இடுப்பில் கையை ஊன்றி, முனகிக்கொண்டு பெரியதம்பி எழுந்தான். பிறகு எல்லோருமே எழுந்தார்கள். பக்கத்து ஸ்டோர் நாட்டாமைகளும் மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு வந்து பின்னால் நின்றார்கள்.

அதிகாரி மறுபடியும் யார் தலைவன் என்று கேட்டார்.

"அப்பி ஒக்கொம, மஹத்தயா" என்றான் சோமபால. நாங்கள் எல்லோரும்தான்.

அட்டை இன்னும் அதிகாரியின் கையில்தான் இருந்தது. கடைக்குள்ளே முதலாளி ஒருகொடவத்தை ஆளோடு ரெலிபோனில் கத்திக் கதைத்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறியது. லொறியில் மூட்டைகள் அப்படியே கிடந்தன. பெரியதம்பி தன் உள்ளங்கையை ஒஸ்வால்டின் முதுகுக்கு முட்டுக் கொடுத்தான். ஒருவரும் உட்காரவில்லை.