ஏழாம் நம்பர் கனெக்டர்

பன்னிரண்டு கேபிள்களில் ஏழாவது மட்டும் ஏன் தினமும் கழன்றுகொள்கிறது என்று ஆய்வகத்தில் யாருக்கும் பிடிபடவில்லை.

அங்கே உயர் மின்னழுத்தக் கேபிள்களைச் செய்து கொடுப்பவளுக்குக் கேபிளக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. பதினெட்டு வருட வேலை. நடுவே செம்புக் கம்பி, அதைச் சுற்றி வெள்ளைக் காப்பு, அதன்மேல் செம்பு இழைகளால் பின்னிய உறை, எல்லாவற்றுக்கும் மேலே சிவப்பு ரப்பர். ஒவ்வொன்றாக உரித்து, நுனியில் விரல் நீளக் கனெக்டரைப் பொருத்தி, வளையத்தை இடுக்கியால் நெரிப்பாள். மூவாயிரம் வோல்ட் ஏறும் ஊசி பிளாஸ்டிக்கின் ஆழத்தில் இருக்கும். பின்னல் உறை எர்த்தோடு சேர்ந்திருக்கும்வரை வெளியே எங்கே தொட்டாலும் பயமில்லை. அவள் கை பட்ட வேலையை இன்னொருவர் சோதித்ததே கிடையாது.

கனெக்டரை அழுத்திக் கால் சுற்றுத் திருகினால் க்ளிக் என்று பூட்டிக்கொள்ளும். தானாக விலக வழியே இல்லை. காலையில் அவளே பன்னிரண்டையும் சோதனைக் கருவியின் பின்னால் பூட்டிவிட்டு வருவாள். மதியம் இரண்டு மணிக்கு விஞ்ஞானி மின்சாரத்தை ஏற்றப் போனால், ஏழு சேரவில்லை என்று கணினி மறுத்துவிடும். ஒன்று விலகினாலும் பன்னிரண்டையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்பது விதி. அதற்கே பொழுது சாய்ந்துவிடும். புதுக் கேபிள்களை மாட்டியதிலிருந்து இப்படி மூன்று நாள்.

சாப்பாட்டு வேளையில் கருவி இருக்கும் அறைக்குள் போவது துப்புரவு வேலை செய்யும் பெண் ஒருத்திதான். துடைக்கிற துணி மாட்டியிருக்கும் என்று கேபிளக்கா சொன்னாள். அந்தப் பெண் இல்லவே இல்லை என்றாள், கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. கேபிளக்கா மனம் இளகவில்லை, புகாராக எழுதியே கொடுத்துவிட்டாள். மறுநாள் அவளைப் பக்கத்துக் கட்டடத்துக்கு மாற்றினார்கள்.

அன்றும் ஏழு கழன்றிருந்தது.

ஐந்தாம் நாள் விஞ்ஞானி யாரிடமும் மூச்சுவிடாமல் அலமாரிமேல் ஒரு சின்னக் கேமராவை வைத்தார். சாயங்காலம் கேபிளக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். திட்டப்போகிறவர் முகமாக அது இல்லை. சங்கடத்தோடு மேசையைப் பார்த்தபடியே கணினியை அவள் பக்கம் திருப்பினார்.

திரையில் பன்னிரண்டு ஐம்பது. கதவு திறக்கிறது. உள்ளே வருவது அவள்தான். அதே புடவை, அதே கண்ணாடி. நேராக ஏழாம் கேபிளிடம் போகிறாள், அழுத்துகிறாள், திருகுகிறாள், விரல் நுனியால் அரை அங்குலம் வெளியே இழுத்து வைக்கிறாள். பிறகு உடனே கிளம்பவில்லை. சுவர்ப் பக்கம் முகத்தை நிமிர்த்தி நின்று ஏதோ பேசுகிறாள், நிறுத்துகிறாள், தலையாட்டுகிறாள், மறுபடி பேசுகிறாள். சுவரருகே யாருமில்லை. படத்தில் ஒலியும் இல்லை.

அந்த நேரத்தில் தன் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. டப்பாவைக் கழுவியதுகூட நினைவிருந்தது.

"நீங்க லீவு எடுத்துக்கோங்க," என்றார் விஞ்ஞானி.

"எடுத்துக்கறேன் சார். முதல்ல அந்த ஏழாம் நம்பரைக் கழட்டிக் கொடுங்க."

ஏன் அப்படிக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மேசையில் நீட்டிப் போட்டு மீட்டர் வைத்தபோது கேபிள் சரியாகவே இருந்தது. கருவிக்குப் பின்னால் வளைவதுபோல் வளைத்ததும் மீட்டர் முள் விழுந்துவிட்டது. வளையத்தைப் பிளந்தாள். கத்தி பின்னல் உறையை வளையத்துக்கு எட்டாதபடி கட்டையாக நறுக்கியிருந்தது. வளையம் வெறும் ரப்பரைப் பிடித்துக்கொண்டிருந்தது. பூட்டி மின்சாரத்தை ஏற்றியிருந்தால், கருவியின் இரும்புப் பெட்டியில் முதலில் கை வைத்தவர் அதோடு சரி. தினமும் அதில் முதலில் கை வைப்பவர் விஞ்ஞானி.

கேபிளில் கட்டியிருந்த சீட்டில் இருந்தது அவள் கையெழுத்து. போன மாதத் தேதி. அன்று அவளுடைய நாத்தனார் படியில் விழுந்துவிட்டதாகப் போன் வந்தது. பாதி வேலையில் கத்தியை வைத்துவிட்டு ஓடி, மறுநாள் வந்து விட்ட இடத்திலிருந்து முடித்திருந்தாள். அப்படியே விஞ்ஞானியிடம் சொன்னாள்.

நாத்தனாருக்கு ஆறு வயதில் காது போய்விட்டது. பேச்சு மட்டும் தங்கியது. எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வாள். கேபிளக்கா அந்தப் படத்தைப் போனில் வாங்கி வந்து, விஷயத்தைச் சொல்லாமல் அவளிடம் நீட்டினாள்.

நாத்தனார் இரண்டு முறை பார்த்தாள்.

"என்ன அண்ணி, யாருக்கோ பதில் சொல்ற மாதிரி இருக்கு. முதல்ல 'கழட்டிட்டேன்'னு சொல்றீங்க. அப்புறம் அவங்க பேசறாங்க போல, நீங்க கேட்டுக்கறீங்க. 'தெரியும், இன்னும் ரெண்டு இருக்கு'ன்னு சொல்றீங்க."

"வேற?"

"அவ்வளவுதான். உங்களைவிட உயரமான ஆளா? அண்ணாந்து பாக்கறீங்களே."

கேபிளக்கா போனை வாங்கி அணைத்தாள். மறுநாள் லீவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று ஓடினாள். விஞ்ஞானியைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு மிச்சம் பதினொன்றையும் வளைத்து வளைத்துப் பார்த்தாள். நான்காவதும் பதினொன்றாவதும் அதே மாதிரி இருந்தன, அதே கட்டை நறுக்கு. மூன்றும் அதே தேதி.

பன்னிரண்டையும் புதிதாகச் செய்தாள். இனி அவள் வேலையை இன்னொருவர் சோதித்துக் கையெழுத்திட வேண்டும் என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். அடுத்த வாரம் இரண்டு மணிக்கு மின்சாரம் ஏறியது, எதுவும் கழலவில்லை. சோதனை ஒழுங்காக நடந்தது. அவளுக்கு என்ன நேர்ந்தது என்று விஞ்ஞானியும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மருத்துவர் எல்லாம் பார்த்துவிட்டு, நன்றாகத் தூங்கச் சொன்னார்.

பக்கத்துக் கட்டடத்துக்கு நடந்து போனதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. மாடிப்படியைத் துடைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணிடம், தப்பு என் பேரில்தான் என்று சொன்னாள். அவள் துணியைப் பிழிந்தபடியே, "விடுங்கக்கா, நான் கழட்டலைன்னு எனக்குத் தெரியும்ல," என்றாள். குரலில் கோபம் இருந்தது. ஆனாலும் அடுத்த நாள் பழைய இடத்துக்கே திரும்பி வந்தாள்.

மதியத்தில் தனியாக இருக்கக் கேபிளக்காவுக்கு மனசில்லை. கூட உட்கார்ந்து சாப்பிடேன் என்றாள். அந்தப் பெண் ஒப்புக்கொண்டு, நீள பெஞ்சில் அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். நாலு வாய் சாப்பிட்டிருப்பார்கள். அந்தப் பெண் கையை நிறுத்தினாள்.

"ஏன்க்கா என் மேல இடிச்சுக்கிட்டு வர்றீங்க? அந்தப் பக்கம் அவ்வளவு இடம் இருக்கே."

கேபிளக்கா திரும்பிப் பார்த்தாள். தன் இடப்பக்கம், ஒரு ஆள் தாராளமாக உட்காரும் அளவுக்கு, அவள் நகர்ந்து இடம் விட்டிருந்தாள்.