குழாய்க்குள் காற்று

அவனுடைய கம்ப்யூட்டர் சூடு தாங்கவில்லை. விளையாட்டு உச்சத்துக்குப் போனால் போதும், ப்ராசசர் தொண்ணூற்றைந்து டிகிரியைத் தொட்டு, வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு வாட்டர் கூலிங் வைத்து, கம்பெனி விதித்த வேகத்துக்கும் மேலே விரட்ட வேண்டும், ஓவர்கிளாக் பண்ண வேண்டும் என்று ஒரு மாதமாக ஒரே பல்லவி.

அக்கா போனிலேயே கத்தினாள். "உன் ரூமும் அப்பா ரூமும் ஒரே லைன்டா. அந்த ஓட்டை பிரேக்கர் லோடு தாங்காம விழுந்துடும். அப்பா மெஷின் நின்னுட்டா?"

"அதுக்குத்தான் யுபிஎஸ் இருக்குல்ல. சும்மா நொய் நொய்னு சொல்லாதே."

இருந்தது, உண்மைதான். கார்களுக்குப் பெயின்ட் அடித்தே நுரையீரலைத் தொலைத்த அப்பாவுக்கு எந்நேரமும் இரைந்துகொண்டே ஓடும் ஆக்சிஜன் மெஷின். கரண்ட் போனால் பேட்டரியில் கொஞ்ச நேரம் அதை ஓட்டத்தான் யுபிஎஸ். அது கத்தும்போதெல்லாம் அப்பாவுக்குத் தூக்கிவாரிப்போடுகிறது என்று அதன் வாயை அடைத்தவனும் இவன்தான். மெஷினின் அலாரம் கெட்டு வருஷமாகிறது. யுபிஎஸ் இருக்கிறதே என்று யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் குழாய்களை மாட்டி முடித்தான். இனி ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்பாவின் கதவருகே போய்த் தலையைச் சொறிந்தான்.

"அப்பா, ஒரு மணி நேரம் மட்டும் யுபிஎஸ்ஸ எடுத்துக்கட்டுமா? நடுவுல கரண்ட் போனா எல்லாம் பாழாயிடும்."

"எடுத்துக்கோடா. அதுக்குள்ள... என் உசுரா போயிடும்? ஏதாச்சும்னா... சுவத்தைத் தட்டுறேன்."

பெற்ற மனசு, வேறென்ன சொல்லும்? பாவி மகன் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

தண்ணீர் ஒழுகும் சத்தம் கேட்க வேண்டுமே என்று மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்திக்கொண்டு, திரையில் ஏறும் எண்களைப் பார்த்தபடி உட்கார்ந்தான். அறுபத்தெட்டு டிகிரி. அடேயப்பா! கொஞ்ச நேரத்தில் வீடே அடங்கிப்போனது. எல்லாம் வாட்டர் கூலிங் மகிமை என்று நினைத்துக்கொண்டான்.

டொக். டொக் டொக்.

கடைக்காரர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்: முதலில் குழாய்க்குள் காற்று சிக்கிக்கொண்டு தட்டும், பயப்படாதே, பெட்டியை லேசாகச் சாய்த்துக் குலுக்கு என்று. சாய்த்துக் குலுக்கினான். இன்னும் இரண்டு டொக். அப்புறம் நின்றுவிட்டது. காற்று போய்விட்டது என்று திருப்தி.

கால் மணி நேரம் கழித்துத் திரை பொட்டென்று அணைந்தது.

"ஐயையோ, ஒழுகிடுச்சு!"

பக்கக் கதவைக் கழற்றி, டிஷ்யூ காகிதத்தால் ஒவ்வொரு மூட்டாக ஒற்றிப் பார்த்தான். எல்லாம் உலர்ந்திருந்தது. போன உயிர் திரும்பி வந்தது.

"அப்பா! ஒரு சொட்டுகூட ஒழுகலப்பா!"

ஏன் அணைந்ததென்று பார்க்க விளக்கு சுவிட்சைப் போட்டான். எரியவில்லை. மறுபடி போட்டான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அடுத்த அறைக்கு ஓடினான். மெஷின் செத்துக் கிடந்தது. அப்பா கட்டிலிலிருந்து பாதி சரிந்து, சுவரில் சாய்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. மூக்கருகே விரலை வைத்தான், நெஞ்சில் காதை வைத்தான். ஒன்றுமில்லை.

அப்பாவின் கையில் செருப்பு இருந்தது. சுவரில் அது பட்ட இடமெல்லாம் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது.