விதைப் புட்டியில் ஈரம்

ஸாகோர்கா ஈரத்துணியைப் பிரித்துப் பார்த்தாள். அடுப்போரம் கதகதப்பாக வைத்திருந்த குடைமிளகாய் விதைகளில் ஒன்றுகூட முளை விடவில்லை. விரலால் நசுக்கினால் கூழாக ஒட்டிக்கொண்டு நாறியது.

மொராவா ஆற்றங்கரையில் அவர்கள் தெருவுக்கென்றே ஒரு மிளகாய் இனம் உண்டு. தோல் தடித்தது, சுட்டால் அப்படி இனிக்கும். எந்தக் கடையிலும் விதை கிடைக்காது. தெருக்காரர்களே விதையெடுத்துப் பொது அறையில் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்துவைப்பார்கள். ஒவ்வொரு புட்டியிலும் ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா மணிகளைத் துணிப்பையில் கட்டிப் போடுவார்கள். காய்ந்த மணி ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். ஈரம் குடித்தால் கரும்பச்சையாகிவிடும். பச்சையானதை இளஞ்சூட்டில் காயவைத்தால் மறுபடி ஆரஞ்சாகும். ஒரே மணியை வருஷக்கணக்கில் ஓட்டலாம். காயவைக்கும் வேலை வருஷத்துக்கு ஒரு வீட்டின் முறை. போன செப்டம்பரில் அது ஸாகோர்காவின் முறை.

அக்கம்பக்கத்து வீடுகளிலும் விதை முளைக்கவில்லை என்று தெரிந்ததும் தெருவே பொது அறை வாசலில் கூடிவிட்டது. சாவி ட்ரிஃபுனிடம் இருந்தது. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தவன். தலை நரைத்த பிறகும் ஊருக்கு அவன் 'வந்தவன்'தான். வேறு யாருக்கும் பொறுப்பு எடுக்க மனமில்லாததால் சாவி அவனிடம் போயிற்று. அதையும் அவனுக்குக் கொடுத்த மரியாதையாகச் சொல்லிக்கொள்ளும் ஊர் அது.

"கதவத் தொறடா, என்ன லட்சணத்துல வச்சிருக்கேன்னு பாப்போம்" என்று சீறினான் ஸாகோர்காவின் புருஷன் பிளாகொயே.

புட்டியைத் திறந்து பையை அவிழ்த்தார்கள். மணிகள் அத்தனையும் கரும்பச்சை.

"குளிர்காலம் பூரா தொறந்து தொறந்து பாத்திருப்பான். இல்லன்னா இவ்வளவு ஈரம் எங்கேருந்து வரும்?" என்றாள் அடுத்த வீட்டு யாகொதா.

"நான் ஒரு புட்டியைக்கூடத் தொடலம்மா. நீங்க அடைச்சுக் குடுத்தது அப்படியே இருக்கு."

"வந்தவனுக்கு நம்ம விதை மேல என்ன அக்கறை?" இப்படிக் கத்தியது ஸாகோர்காதான். எல்லாரையும்விட உரக்கக் கத்தினாள், ஏனென்றால் உண்மை அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

போன செப்டம்பரில் அவள் மணிகளை நன்றாகத்தான் காயவைத்தாள். ஆனால் அது ஐவார் கிளறும் காலம். சுட்டு அரைத்த அந்த மிளகாய் விழுது அண்டா நிறையக் கொதித்துக்கொண்டிருந்தது. சுடச்சுட எடுத்த மணிகளை மூடிபோட்ட டப்பாவில் ஆறவிடாமல், தட்டில் பரப்பி அண்டாவுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டாள். பொழுதுசாயப் பார்த்தால், அண்டாவின் ஆவியை எல்லாம் குடித்துவிட்டு மணிகள் பச்சையாகிக் கிடந்தன. மறுபடி காயவைக்கலாம்தான். ஆனால் அடுத்த கூடை மிளகாயைச் சுட அடுப்பு வேண்டும். யாரிடமும் அவகாசம் கேட்கவும் அவளுக்கு வாய் வரவில்லை. முந்தைய வருஷம் யாகொதா மணிகளைக் கருக்கியபோது ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தவளே இவள்தான். பைக்குள் போனால் யார் பார்க்கப்போகிறார்கள் என்று கட்டிப் போட்டுவிட்டாள்.

"ஒங்க வாய்க்கு ஒரு அளவே கிடையாதா?" என்று கேட்டுவிட்டு ட்ரிஃபுன் விறுவிறுவென்று தன் வீட்டுக்கு நடந்தான். கூட்டமும் பின்னாலேயே போயிற்று. சமையலறை அலமாரியிலிருந்து ஒரு புட்டியை எடுத்தான். அவன் தோட்டத்து மிளகாயிலிருந்து எடுத்த அதே இன விதை. மேலே கிடந்த பையை அவிழ்த்துக் காட்டினான். மணிகள் பளிச்சென்று ஆரஞ்சு. "இது என் காசுல வாங்குன மணி. என் கையால காயவச்சது. வெதை முளைச்சிருக்கு, பாருங்க." ஜன்னலோரத் தட்டில் வெள்ளை வெள்ளையாக முளைகள் எட்டிப்பார்த்தன.

அதைப் பார்த்தாவது கூட்டம் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை.

"பாத்தீங்களா? நல்ல மணிய இவன் அமுக்கிட்டு, ஈர மணிய நமக்கு மாத்தி வச்சிருக்கான், திருட்டுப்பய!" பிளாகொயே அவன் சட்டையைப் பிடித்தான். "சாவியக் குடுத்துட்டு ஊரக் காலி பண்ணு."

ட்ரிஃபுனின் முகம் கறுத்துவிட்டது. அவனை உதறித் தள்ளி, எரிகிற அடுப்பின் கதவைத் திறந்து, புட்டியை நெருப்புக்கு நேராகக் கவிழ்க்கப் போனான். "திருடன் வெதை ஒங்களுக்கு வேணாம். இதோட ஒழியட்டும். இனிமே கடை மிளகாயத் தின்னுங்க."

அவனுடைய தட்டு முளைகளை விட்டால், அந்தத் தெரு மிளகாயின் உயிர் உலகத்தில் அந்த ஒரு புட்டியில்தான் மிச்சமிருந்தது.

"வேணாம் அண்ணே! நான்தான்!" என்று அலறினாள் ஸாகோர்கா. "ஐவார் அண்டா பக்கத்துல ஆற வச்சேன். பச்சையானத என் கண்ணால பாத்தேன். பாத்துட்டேதான் கட்டிப் போட்டேன்."

பிளாகொயே பெண்டாட்டியை எரித்துவிடுவதுபோலப் பார்த்தான். யாகொதா, "என்னப் பாத்துச் சிரிச்சியேடி" என்று பல்லைக் கடித்தாள்.

ட்ரிஃபுன் அடுப்பை மூடினான். ஆளுக்குக் கொஞ்சமாக விதையைக் காகிதத்தில் மடித்து மேஜை மேல் வைத்தான், ஸாகோர்காவின் பங்கையும் சேர்த்து. யாரையும் உட்காரச் சொல்லவில்லை, காப்பியும் கொடுக்கவில்லை. சாவியை யாகொதாவின் கையில் திணித்தான். "நீங்களே வச்சுக்கங்க. வெதை இந்த ஒரு தடவைதான். வெளிய போங்க."

தெருவில் இறங்கியதும் பிளாகொயே வெடித்தான். "ஒன்ன யாரு வாயத் தொறக்கச் சொன்னது? எட்டிப் புட்டியைப் புடுங்கியிருப்பேன். இப்ப ஊரு முன்னாடி மானம் போச்சு. அவன் யாரு நமக்கு? வந்தவன்தானே!"

ஸாகோர்கா நடுத்தெருவிலேயே நின்றுவிட்டாள்.

"வந்தவன், வந்தவன்னு சொல்லிச் சொல்லித்தான் என் தப்ப அவன் தலையில கட்டுனேன். கேக்க நாதியில்லன்னு தெரிஞ்சு கட்டுனேன். தப்பு எல்லாரும் பண்ணுவாங்க. சொன்னா அன்னிக்கே தீந்துரும். மறைச்சு, வெளியூர்க்காரன் மேல பழியப் போட்டா ஒரு தெருவே நாசமாயிரும். மணி ஈரமானா அடுப்புல வச்சுக் காயவைக்கலாம். 'திருட்டுப்பய'ன்னு சொன்னியே, அந்த வார்த்தைய எந்த அடுப்புல வச்சு எடுப்பே?"