கனடா முகவரி

வியாழக்கிழமை நடைக் குழுவில் பதினொரு பேர், எல்லோரும் ஓய்வுபெற்றவர்கள். ஷாங்காயில் ஹுவாங்பு ஆற்றங்கரையில் கூடி, எதிர்க்கரைக் கோபுரங்களுக்கு முதுகைக் காட்டிக் கைகால்களை உதறிக்கொண்டு, பழைய நகரத்துத் தோட்டம்வரை நடப்பார்கள். மஞ்சள் கொடியோடு முன்னால் போகிறவர் தலைவர் லூ.

ஹுய்ஜென் சேர்ந்து இரண்டு வருடம். முதல் நாளே பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒரே மகன், கனடாவில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டாள். அவன் இறந்து அப்போதே மூன்று வருடம் ஆகியிருந்தது. அவள் குடியிருக்கும் தெருவில் அவளைக் கண்டாலே பேச்சு அடங்கிவிடும். இங்கேயோ, பையனுக்கு அந்த ஊர்ப் பெண் அமைந்துவிட்டாளா என்று வாரம் தவறாமல் கேலி செய்வார்கள். முப்பதில் போனவன் முப்பத்தைந்து வயதில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது உலகத்தில் இந்த ஓர் இடத்தில்தான்.

அன்று தோட்டத்துக் கோணல் பாலத்தில், கூட நடந்துவந்த மேஃபாங் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். மேஃபாங்கின் மகள் அடுத்த வாரம் கனடா போகிறாளாம், ஹுய்ஜென் என்றோ சொல்லிவைத்த அதே ஊருக்கு. அவனுக்கென்று பேரிக்காய்ப் பாகு மிட்டாய்கூட வாங்கியாகிவிட்டது.

"அக்கா, முகவரி மட்டும் எழுதிக் குடுங்க. என் பொண்ணு நேர்லயே போய்க் குடுத்துடுவா."

அவன் வீடு மாறப்போகிறான் என்றாள் ஹுய்ஜென். போன் எண் போதும் என்றாள் மேஃபாங். அவனுக்கு இனிப்பே பிடிக்காது என்று சொல்லிப் பார்த்தாள்.

"அம்மா குடுத்து விட்டதுன்னா தின்பான், பாருங்க. ஆறு மாச வயித்தோட போறாளேன்னு யோசிக்காதீங்க. அவன் எங்க இருந்தாலும் தேடிக் கண்டுபிடிச்சிடுவா."

வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி, தெரியாத ஊரில், பனியில், யாரோ ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பது ஹுய்ஜெனின் கண்முன் வந்தது. வாய்க்கு வந்த ஒரு தெருப்பெயரைச் சொன்னால் போதும். வாய் வரவில்லை.

"மேஃபாங், அவன் அங்க இல்ல. எங்கயுமே இல்ல. அஞ்சு வருஷமாச்சு."

எடுத்துக் காட்டிய மிட்டாய்ப் பொட்டலத்தை மேஃபாங் மெல்லப் பைக்குள் திரும்ப வைத்தாள்.

"மத்தவங்ககிட்ட நீயே சொல்லிடு," என்றாள் ஹுய்ஜென். "என்னால இன்னொரு தடவ முடியாது."

அதற்குள் லூ விசில் ஊதிவிட்டார். குளத்தின் முன்னால் எல்லோரும் படத்துக்கு நின்றார்கள். ஹுய்ஜெனை யாரோ நடுவில் இழுத்து நிறுத்தினார்கள்.

"தலைவரே, இத கனடாவுக்கும் அனுப்பணும்," என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "அம்மா இளைச்சுப் போயிட்டாங்களான்னு அவனும் பாக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஹுய்ஜெனும் சிரித்தாள். மேஃபாங் மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை.