உயர்ந்து நின்ற கடைவாய்ப் பல்

என்னோடு வேலை செய்கிற மாவு அன்றைக்கு எனக்கு நாலு வார்த்தை புத்தி சொல்லியிருந்தால், நான் அந்தக் காரியத்தைச் செய்தே தீர்த்திருப்பேன். புத்தி சொல்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அவன் புத்தி எதுவும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். அதற்காக அவனுக்கு நான் இதுவரை நேருக்கு நேர் நன்றி சொன்னதில்லை. சொன்னால் ஒரு மாதம் கேலி செய்வான். அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

எங்களுக்குப் பல்செட் செய்கிற வேலை. டாக்டர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். நாங்கள் அச்சு வார்த்து, மெழுகில் பல் அடுக்கி, பிறகு ஈறு நிறப் பிளாஸ்டிக்கில் வேகவைத்து முடித்துக் கொடுப்போம். ஆளை நாங்கள் பார்ப்பதே இல்லை. அவருடைய வாய் மட்டும் வெள்ளைச் சாந்தில் அச்சாகி எங்கள் மேசைக்கு வரும். அச்சு வார்ப்பவன் மாவு. காலை பத்து மணிக்குள் அவன் புருவம், காது மடல், மூக்கு நுனி எல்லாம் வெள்ளையாகிவிடும். பெயர் அப்படித்தான் வந்தது. அவனுக்கும் எனக்கும் ஒரே வயது. பதினாலு வருஷமாக அடுத்தடுத்த மேசை.

அந்தப் பெட்டி ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. சீட்டில் இருந்த பெயரைப் படித்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது. என் மனைவியின் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாக நிற்கிற பெயர், இங்கே முழுசாக நின்றது. கல்யாணமாகியும் அவள் அந்த எழுத்தை மாற்றிக்கொள்ளவில்லை. வயதும் சரியாக இருந்தது, தெருப் பெயரும் சரியாக இருந்தது. என் மாமனார்தான்.

எங்கள் கல்யாணத்தை ஒப்புக்கொள்ளாத அந்த மனிதரின் குரலை நான் கடைசியாகக் கேட்டது ஒன்பது வருஷத்துக்கு முன்னால். எங்கள் மகள் பிறந்து மூன்று மாதம். "குழந்தைய ஒரு தடவ பாத்துட்டா அப்பா மனசு மாறிடும்" என்று என் மனைவி ஒற்றைக்காலில் நின்றாள். நல்ல மழை. நான் கேட்டுக்கு வெளியே குடையோடு நின்றேன், அவள் குழந்தையோடு படியேறினாள். கதவு ஒரு சாண் திறந்தது. "பல்லு செதுக்குறவன் பொண்டாட்டிக்கு இங்க என்ன வேலை?" என்று அவர் குரல் தெளிவாகக் கேட்டது. கதவு மூடிக்கொண்டது. திரும்பி வந்தபோது அவள் அழவில்லை, குழந்தையின் தலையில் விழுந்த மழைத்தண்ணீரைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவள் அழுதிருந்தால்கூட நான் மறந்திருப்பேன்.

பெட்டியில் ஒரு பழைய படமும் இருந்தது. டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார்: "முன்பல் இடைவெளி படத்தில் உள்ளபடியே வேண்டுமாம். ஒரே படம்தான் இருக்கிறதாம், பத்திரமாகத் திருப்பி அனுப்பவும்." படத்தில் மாமனாருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வாய்விட்டுச் சிரிக்கிறார். இரண்டு முன்பல்லுக்கும் நடுவில் ஒரு அரிசி நுழைகிற சந்து. தோளில் ஒரு சின்னப் பெண் அவர் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கும் அதே சந்து. இன்றைக்கு என் வீட்டில் இரண்டு பேருக்கு இருக்கிற சந்து.

இதைப் பார்த்து என் மனசு இளகியது என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மை என்னவென்றால், கோபம் தலைக்கேறிவிட்டது. படமாகப் பையில் வைத்துக்கொள்ள மகள் வேண்டும், வாசலில் வந்து நின்றால் வேண்டாமா? இது என்ன நியாயம்?

யாரிடமும் சொல்லவில்லை, வீட்டிலும் மூச்சு விடவில்லை. மெழுகில் அடுக்கி அனுப்பினேன், டாக்டர் அவர் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு "சரி" என்று திருப்பி அனுப்பினார். அதுவரை நாணயமாகத்தான் செய்தேன். முன்பல் இடைவெளியை அளந்து அளந்து வைத்தேன். பிளாஸ்டிக்கில் வேகவைத்து எடுத்தபோதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது.

வேகவைத்தால் ஏதாவது ஒரு பல் மயிரிழை உயர்ந்துவிடும். அது யார் தப்பும் இல்லை. மேல் தாடையையும் கீழ்த் தாடையையும் கருவியில் பொருத்தி, நடுவில் நீலத்தாள் வைத்துத் தட்டினால், உயர்ந்த பல்லில் மை அழுத்தமாக ஒட்டும். அதைத் தேய்த்துச் சமன் செய்வதுதான் கடைசி வேலை. அவருடைய செட்டில் வலது கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று உயர்ந்து நின்றது, உச்சியில் அடர்நீலம். நான் செய்ய வேண்டியதெல்லாம் ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். ஒவ்வொரு கவளத்துக்கும் அந்த ஒரு பல் முதலில் இடிக்கும், ஈறு புண்ணாகும்.

டாக்டரிடம் போனால் ஐந்து நிமிஷத்தில் தேய்த்துவிடுவார். ஆனால் என் மாமனார் போக மாட்டார். அது எனக்கு என் மனைவி சொல்லித்தான் தெரியும். ஒரு தடவை அவர் வாங்கிய புதுச்செருப்பு கடித்து இரண்டு காலும் புண்ணாகிவிட்டதாம். தானே தேர்ந்தெடுத்த செருப்பு என்பதற்காக ஆறு மாதம் அதைப் போட்டுக்கொண்டே நடந்தாராம், ஒரு வார்த்தை சொல்லாமல். "எங்கப்பா அப்படித்தான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். அவள் பிரியத்தோடு சொன்னதைத்தான் நான் ஆயுதமாக எடுத்தேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எங்கள் இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. செய்தவன் கையெழுத்து மட்டும் போதாது, பக்கத்து மேசைக்காரன் நீலத்தாள் வைத்துப் பார்த்து அவனும் கையெழுத்துப் போட வேண்டும். மாவு இதில் பொல்லாதவன். ஒரு தூசி அளவு உயரத்துக்காக என் வேலையை ஆறு தடவை திருப்பி அனுப்பியவன். அவன் கண்ணில் படாமல் தள்ளிவிடலாம் என்று சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் கொண்டுபோய் வைத்தேன், பசியில் பார்க்க மாட்டான் என்று.

அவன் தாளை வைத்து ஒரு தட்டுத் தட்டினான்.

"கடைவாய்ல ஒண்ணு நிக்குதுடா."

"தெரியும்."

"தெரியுமா?" அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு சீட்டைத் திருப்பிப் பெயரைப் படித்தான். எங்கள் கல்யாணப் பதிவில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவனே அவன்தான். அவனுக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. படத்தை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தான், வெள்ளை விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு.

"நீ வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டான்.

"இல்ல."

அவன் பேனாவை எடுத்து, தன் இடத்தில் கையெழுத்துப் போட்டான். "போட்டாச்சு. கேள்வி வந்தா ரெண்டு பேருக்கும் வரட்டும். எனக்குப் பசிக்குது" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போய்விட்டான்.

பதினாலு வருஷத்தில் அவன் ஒரு தப்பான செட்டுக்குக் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை. அதற்குப் பக்கத்தில் என் கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது. நான் அதைப் பார்க்காமல் என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன்.

ஒரு வாய் எடுத்துப் போட்டு மென்றேன். அறையில் யாரும் இல்லை. என் தாடை அசைகிற சத்தம் எனக்கே கேட்டது. நாக்கு தானாகப் போய் வலது கீழ்க் கடைவாயைத் தொட்டுப் பார்த்தது. அங்கே ஒன்றும் இடிக்கவில்லை. இரண்டாவது வாய் இறங்கவில்லை. எதிரே அவருடைய செட் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. முன்னால் நாலு கோரைப்பல், நானே வைத்தவை. கடிப்பதற்கென்று பிறவியிலேயே நமக்கு நாலு பல் இருக்கிறது, அது போதாதா? ஒன்பது வருஷமாக இந்த மனிதர் என் மனசுக்குள் உட்கார்ந்து என்னைக் கடித்தது போதாதென்று, இனி நான் அவர் வாய்க்குள் உட்கார்ந்து அவர் சாகும்வரை கடித்துக்கொண்டே இருக்க வேண்டுமா? ஒரு நாளைக்கு மூன்று வேளை நான் அந்த வீட்டில்தான் இருப்பேன். வேறு எங்கேயும் போக முடியாது.

கோபம் போகவில்லை. கோபத்தோடேதான் எழுந்து போய்த் தேய்க்கிற மெஷினைப் போட்டேன். முதலில் ஒரு ஓரமாக மட்டும் தொட்டேன். தாள் வைத்துத் தட்டினேன். மறுபடி தொட்டேன், மறுபடி தட்டினேன். நாலாவது தடவை நீலப்புள்ளிகள் இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் விழுந்தன. அதன் பிறகு கையை நிறுத்த மனசு வரவில்லை. அச்சில் அவருடைய கீழ் ஈறு ஒரு இடத்தில் கூர்மையாக மேடிட்டிருந்தது, அங்கே அழுத்தாதபடி உட்பக்கத்தைக் குழைவாக்கினேன். ஓரங்களை வழவழவென்று மெருகேற்றினேன், என் நாக்கை வைத்துப் பார்க்காத குறைதான். எப்போது கோபம் இறங்கியது என்று எனக்குத் தெரியாது. மெருகு போடும்போது அது அங்கே இல்லை.

மாவு வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தான். கேட்காமலே தாளை வைத்துத் தட்டிப் பார்த்தான்.

"அடப்பாவி, தேய்ச்சுட்டியா! வாழ்க்கைல ஒரு தடவயாவது தப்பு பண்ணலாம்னு பாத்தா, அதையும் கெடுத்துட்ட."

நான் என் கையெழுத்தைப் போட்டேன். சாயங்காலம் மேசையைத் துடைக்கும்போதுதான் கேட்டேன். "நான் தேய்க்கலேன்னா என்னடா பண்ணியிருப்ப?"

"நானே தேய்ச்சு அனுப்பியிருப்பேன்" என்றான். பிறகு சிரிக்காமல் சொன்னான்: "ஆனா அப்புறம் உன்கூட உக்காந்து சாப்பிட்டிருக்க மாட்டேன்."

அனுப்புவதற்கு முன்னால் அந்தப் படத்தை என் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். வீட்டில் மகள் படித்துக்கொண்டிருந்தாள். மனைவியைச் சமையலறைக்குள் கூப்பிட்டுப் போனை நீட்டினேன். அவள் ஈரக்கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். விரலால் பெரிதாக்கி அந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்தாள், பிறகு அவரை. அப்படியே அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டாள்.

"இது அப்பாகிட்டயா இருந்துச்சு?"

"பல்செட்டுக்காகக் குடுத்து அனுப்பியிருக்காரு. அந்தச் சந்து அப்படியே வேணுமாம்."

நான் இதையும் அதையும் எதிர்பார்த்தேன், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பாள், அழுவாள் என்று. அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"நல்லா செஞ்சு குடுத்தீங்களா?"

அந்தப் பல்லை அப்படியே விட்டிருந்தால் இந்த நேரத்தில் இந்த முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்லியிருப்பேன்? செஞ்சேன் என்றுதான் சொல்லியிருப்பேன். சொல்லிவிட்டு, அவளோடு மிச்ச நாளையெல்லாம் வாழ்ந்திருப்பேன்.

"செஞ்சேன்மா" என்றேன். "நல்லாத்தான் செஞ்சேன். எதையும் கடிச்சுச் சாப்பிடலாம்." மாவையும், அந்த நீலப்புள்ளியையும், சாப்பிட முடியாமல் போன அந்த இரண்டாவது கவளத்தையும் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

"நீங்க செஞ்சதுன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியவே வேணாங்க" என்றாள் அவள் அவசரமாக. "தெரிஞ்சா கழட்டி வச்சுட்டுப் பட்டினி கிடப்பாரு." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். ஒன்பது வருஷத்தில் அப்பாவுக்காக அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். என்ன சத்தம் என்று எட்டிப்பார்த்த மகள், காரணம் தெரியாமலே அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள், நடுவில் அந்தச் சந்தோடு.