முட்டை மட்டும் இருந்த கிண்ணம்

நுண்ணோக்கியில் கண்ணை வைத்த சைலஜா தலையை எடுத்தாள். கிண்ணத்தின் மேல் தானே எழுதி ஒட்டிய சீட்டைப் படித்துவிட்டு மறுபடி குனிந்தாள். 'முட்டை மட்டும்' என்றுதான் இருந்தது. விந்து ஒரு துளிகூட விடாத கிண்ணம். ஆனால் உள்ளே பாதிக்கு மேற்பட்ட முட்டைகளைச் சுற்றிக் கண்ணாடி போன்ற மெல்லிய வளையம் எழும்பி நின்றது. முள் உருண்டை போலக் கடலடியில் ஒட்டிக் கிடக்கும் கடல் முள்ளெலியின் முட்டைக்குள் ஒரு விந்தணு புகுந்த பிறகுதான் அந்தச் சவ்வு எழும்பும். இன்னொன்று வராதபடி முட்டை கதவைச் சாத்திக்கொள்வது அது. சில முட்டைகள் இரண்டாகப் பிளந்தும் விட்டிருந்தன.

பின்னால் நின்ற மாணவர்களில் ஒருவன், "சாமி குடுத்த புள்ளங்க மேடம்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பார்க்க வந்திருந்த முதல்வர் மட்டும் சிரிக்காமல், துறைத்தலைவர் கண்ணாயிரத்திடம் ஏதோ சொல்லிவிட்டு வெளியே போனார்.

ஊருக்கு வெளியே வேங்கிக்காலைத் தாண்டி இருந்த அந்தத் தனியார் கல்லூரியின் விலங்கியல் துறையில் சைலஜாவும் மதிவதனியும் தற்காலிக விரிவுரையாளர்கள். வரும் ஜூனிலிருந்து ஒருவர் போதும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அந்த ஒருவர் யார் என்பது கண்ணாயிரம் சார் கையில். அதற்காகத்தான் சைலஜா மகாபலிபுரத்து மீனவர் ஒருவரைப் பிடித்து, உயிருள்ள முள்ளெலிகளைத் தெர்மாகோல் பெட்டியில் பஸ்ஸில் வரவழைத்திருந்தாள். கடலே பார்க்காத ஊரில் கடலின் கரு வளர்வதைக் காட்டினால் யார் மறப்பார்கள்?

காலையில் செய்ததை வரிசையாக நினைத்துப் பார்த்தாள். முதலில் கடல்நீரை வடிகட்டி இடது பக்கம் வெள்ளைப் பேசினில் வைத்தாள். அடுத்து ஒரு முள்ளெலியின் வாயோரம் பொட்டாசியம் குளோரைடு ஊசி போட்டுக் கவிழ்த்தாள். பால் போல வெள்ளையாகக் கசிந்தது, ஆண். அதை வழித்தெடுத்து மூடி, மதிவதனியின் மேசைக்கு அனுப்பினாள். அதற்குப் பிறகே பெண். ஆரஞ்சு மணல் போல முட்டைகள் இறங்கின. பேசின் நீரில் அலசி, விந்து விட ஒன்று, விடாமல் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று என இரண்டு கிண்ணங்களில் பிரித்தாள். சொட்டுக்குழாய்கள்கூடத் தனித்தனி. தன் கையில் தவறில்லை.

அப்படியென்றால் டீ நேரம். எல்லாரும் கேன்டீனுக்குப் போனபோது தலைவலி என்று ஆய்வகத்திலேயே உட்கார்ந்திருந்தவள் மதிவதனி. விந்து அவள் மேசையில் இருந்தது. காலையில் வழக்கத்தைவிட முன்னதாக வந்ததும், "எல்லாம் நல்லா வரும் மேடம்" என்று கேட்காமலே சொன்னதும் இப்போது வேறு மாதிரி தெரிந்தன.

கண்ணாயிரத்திடம் போய், தான் யாரையும் குற்றம் சொல்லவில்லை, டீ நேரத்தில் உள்ளே யார் இருந்தது என்று விசாரித்தால் போதும் என்றாள். நாளைக் காலை மதிவதனியைக் கூப்பிட்டுக் கேட்பதாகச் சொன்னார் அவர். "வேலைய கெடுக்கறவங்கள வெச்சிக்க முடியாதும்மா" என்றும் சொன்னார். அதைக் கேட்டதும் உள்ளே ஒரு சின்னக் குளிர்ச்சி பரவியதை சைலஜா கவனிக்காதது போல இருந்துகொண்டாள்.

சாயங்காலம் மாடிப்படியில் மதிவதனி நின்றிருந்தாள். விஷயம் அதற்குள் எட்டிவிட்டது.

"எம் மேல சந்தேகமா மேடம்?"

சைலஜா ஒரு படி கீழே இறங்கினாள்.

"கெடுக்கணும்னா ஒரு மூடி போர் தண்ணி ஊத்தியிருப்பேனே. எல்லாம் செத்திருக்கும். திருட வந்தவ வெளக்கேத்தி வெச்சிட்டா போவா?" என்ற மதிவதனி, பையைத் தோளில் ஏற்றாமல் ஆய்வகத்துக்கே திரும்பினாள். "நீங்க போங்க. அந்தக் கிண்ணத்த யாராவது பாக்கணும் இல்ல."

அடி அண்ணாமலையில் நிலம் வைத்திருக்கும் வீட்டுப் பெண். பேச்சில் சாமர்த்தியம் ஜாஸ்திதான். பதிலை முன்கூட்டியே தயார் செய்து வைத்திருக்கிறாள் என்று ஆட்டோவில் வரும் வழியெல்லாம் சைலஜாவுக்குத் தோன்றியது.

கோயில் தெருவில் வீடு. கணவன் ஈஸ்வர் அண்ணாமலையார் சன்னதியில் பூஜை முறைக்குப் போயிருந்தான். மாமியார் பாகம்பிரியாள் வாசலிலேயே, "கடல் ஜந்துவைத் தொட்ட கையோட உள்ளே வந்துடாதேடி. இன்னிக்கு அதுகள் எத்தனை போட்டுது?" என்றாள். சைலஜா குளித்துவிட்டுத்தான் சமையலறைக்குள் போனாள்.

சாதப் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு மோரை எடுத்தாள்.

"ஜலம் தொட்டியோ?"

"தொட்டேம்மா."

அந்த வீட்டில் சாதம் தொட்ட கை பத்துக் கை. பக்கத்துக் கிண்ணத்து நீரில் விரலை நனைத்த பிறகே மோரையோ நெய்யையோ தொட வேண்டும். பிறந்த வீட்டிலும் அப்படித்தான். பேச்சு வருவதற்கு முன்பே கைக்கு வந்துவிட்ட பழக்கம்.

தொட்டேன் என்று சொன்னவள் நின்றாள். தொட்டது அவள் நினைவில் இல்லை. விரல் ஈரமாக இருந்ததால்தான் தெரிந்தது. கிண்ணத்து நீரில் ஒரு பருக்கை வெண்மையாகக் கரைந்து இறங்கிக்கொண்டிருந்தது.

காலையில் ஆண் முள்ளெலியைப் பிடித்த விரல்களில் பால் ஒட்டியிருந்தது. இடது பக்கம் வெள்ளைப் பேசின். அதில் இருந்த நீரில்தான் முட்டைகளை அலசினாள். நடுவில் கை எங்கே போனது? எவ்வளவு யோசித்தும் அந்த இடம் மட்டும் வரவில்லை.

"என்னடி, மோரைக் கையிலே வெச்சுண்டு?" என்றாள் மாமியார்.

கூடத்தில் போன் ஒளிர்ந்தது. சைலஜா போய்ப் பார்த்தாள். மதிவதனி அனுப்பியிருந்தாள்: "சவ்வைக் கிழிச்சிட்டு வெளிய வந்துடுச்சிங்க மேடம். நீந்துதுங்க." கூடவே ஒரு வீடியோ. பூட்டிய திரையில் அதன் முதல் படம் மட்டும் சிறிதாகத் தெரிந்தது.

கண்ணாயிரம் சார் இன்னும் தூங்கியிருக்க மாட்டார். சைலஜா விரலைத் திரையில் வைத்தாள். திறக்கவில்லை. மறுபடி வைத்தாள். ஈர விரலைப் போன் ஏற்கவில்லை. திரையில் படிந்த நீர்த்துளிக்கு அடியில் அந்தப் படம் உருண்டு பெரிதாகத் தெரிந்தது.