பெலாகியா சுட்ட குண்டு

பெலாகியா வ்ரோனா சுட்ட குண்டு மரச்சேவலைப் போய்த் தொட மூன்று வருஷம் ஆனது. அந்த மூன்று வருஷமும் ஒல்ஷானி ஊரில் முட்டை விலை ஏறிக்கொண்டே இருந்தது, கோயில் கூரை ஒழுகிக்கொண்டே இருந்தது, குண்டும் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. சுடும் திடலில் மாடு ஓட்டிப் போகிறவர்கள் அதன் பக்கம் வந்ததும் கொஞ்சம் ஒதுங்கிப் போவார்கள். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்தக் கையால் சுட்ட குண்டு வேறெப்படிப் போகும்? அதைச் சுற்றி மனுஷர்கள் நடந்துகொண்ட லட்சணம்தான் குமட்டுகிறது.

எங்கள் ஊரில் சேவல் சகோதரர் சங்கம் என்று ஒன்று உண்டு. நற்கருணைப் பவனிக்கு அடுத்த ஞாயிறு, உயரமான கம்பத்தின் உச்சியில் மரச்சேவல் ஒன்றை நட்டு, வரிசையாக நின்று ஆளுக்கொரு குண்டாகச் சுட்டுக் கொண்டை, சிறகு, வால் என்று உதிர்ப்பார்கள். கடைசித் துண்டை வீழ்த்துகிறவர் ராஜா. அடுத்த சேவல் விழும்வரை அவர் கழுத்தில்தான் வெள்ளிச் சேவல் தொங்கும். பல வருஷமாக அது போகுமில் ஜெப்காவின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஊர்க்கோடியில் இருக்கும் கோழி அறுக்கும் ஆலை அவருடையது. பட்டு அங்கி, ரோமத் தொப்பி, கையுறை, இடுப்பில் வாள் என்று மினுக்கிக்கொண்டு வந்து நிற்பார். பூசிய வாசனைத் தைலத்துக்கு அடியிலிருந்து கோழிக்குடல் நாற்றம் மெல்ல எட்டிப் பார்க்கும். சங்கத்து ஆட்கள் அதை மோந்துகொண்டே அவர் கையை முத்தமிடுவார்கள். சீ, மனுஷ ஜென்மங்களா இவர்கள்!

பெலாகியா அந்த ஆலையில் சின்ன வயதிலிருந்து ஐஸ் தண்ணீரில் கை விட்டுக் கோழி உரித்தவள். விரல் கணுக்களெல்லாம் இஞ்சிக்கிழங்கு மாதிரி வீங்கிக் கோணிக்கொண்டன. மூட்டுவாதம் என்றார் டாக்டர். கோழியைப் பிடிக்க முடியாத கைக்கு இங்கே என்ன வேலை என்றார் ஜெப்கா, அவ்வளவுதான், வெளியே அனுப்பிவிட்டார். வேலை போனதற்கு அவள் அழவில்லை. ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி சுடுவது போய்விடுமோ என்றுதான் அழுதாள். அவளுக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே சந்தோஷம் அது, குறியும் தப்பாது. அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, அந்த வெள்ளிச் சேவலை ஜெப்காவின் கழுத்திலிருந்து கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொள்ளாமல் சாகப்போவதில்லை என்று ஊரறியச் சொன்னாள்.

செருப்பு தைக்கிற ஒனூஃப்ரி அவள் பக்கத்து வீட்டுக்காரர். இருவருமாகச் சேர்ந்து துப்பாக்கியை அந்தக் கைக்குப் பழக்கினார்கள். பிடி மெல்லியதாக இருந்தால் விரல் மடங்காது என்பதால் கட்டையைச் சுற்றிப் பழைய கம்பளியும் சைக்கிள் டியூபும் வைத்துக் கட்டித் தடிமனாக்கினார்கள். எடையைத் தாங்க முன்பக்கம் கவைக்கொம்பு ஒன்று நின்றது. தோட்டாவைச் சமையலறை இடுக்கியால் எடுத்துப் போட்டாள். விசையில் ஒரு தோல்வார், வாரின் மறுமுனையில் ஒரு மரக்கட்டை. அதைப் பல்லில் கடித்துத் தலையைப் பின்னால் இழுத்தால் வெடிக்கும். காலையில் வெதுவெதுப்பான மெழுகில் கையை முக்கி எடுத்துவிட்டு மத்தியானம் வரை பழகுவாள். முதலில் வேலியைச் சுட்டாள், அப்புறம் வேலியில் வைத்த உருளைக்கிழங்கைச் சுட்டாள்.

சேவல் ஞாயிறன்று இதையெல்லாம் தூக்கிக்கொண்டு அவள் வந்ததும் சங்கத்தார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். துப்பாக்கியை விரலால்தான் சுட வேண்டும், பல்லால் கடிப்பது நாய் என்றார் ஒருவர். அவர் மூக்கில் ரெண்டு கண்ணாடி, கையில் நடுக்கம், அதற்கு மருந்தாக வோட்கா. இவர்கள் சட்டம் பேசுகிறார்கள்!

"விடுங்கப்பா, சுட்டுட்டுப் போகட்டும்," என்றார் ஜெப்கா, மெல்லும் தொத்திறைச்சியின் கொழுப்பு வாயில் வழிய. "நமக்கும் பொழுது போகணுமில்ல? ஏய் பெலாகியா, பல்லு இருக்கா, அதுவும் போயிடுச்சா?"

"உங்க கறிய மென்னு மென்னு கெட்டியாத்தான் இருக்கு முதலாளி," என்றாள் அவள்.

அவளைக் கடைசி ஆளாக நிறுத்தினார்கள். அதற்குள் எல்லாரும் போதையில் சுட்டுத் தள்ளியதில் கம்பத்தில் சேவலின் ஒற்றைக் கால் மட்டும் மிஞ்சியிருந்தது. பெலாகியா வாரைக் கடித்துத் தலையை இழுத்தாள். வெடித்தது. குண்டு துப்பாக்கி வாயிலிருந்து நிதானமாக வெளியே வந்து, நெஞ்சுயரத்தில், கம்பத்தின் உச்சியைப் பார்த்துக் கிளம்பியது. சாயங்காலம் வரை காத்திருந்தார்கள். ஒரு முழம்கூடப் போகவில்லை. இது செல்லாது, தட்டி எறிவோம் என்று சிலர் கிளம்பியபோது தடுத்தது ஜெப்காதான். அந்த ஆளின் மூளை எப்போதும் தன் பக்கம்தான் வேலை செய்யும். சேவல் விழும்வரை ராஜா யார்? அவர்தானே! கையை உயர்த்தித் தீர்ப்புச் சொன்னார்.

"குண்டு போய்க்கிட்டிருக்கு. போட்டி முடியல. அது வரைக்கும் யாரும் சேவலத் தொடக் கூடாது."

அதைச் சங்கத்துச் சட்டமாகவே ஆக்கினார்கள். முதல் வருஷம் திடலுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் குண்டின்மேல் தொப்பியை மாட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். சங்கத்தார் பக்கத்திலேயே அடுப்பு வைத்துத் தொத்திறைச்சி வறுத்து விற்று, எண்ணெயைப் புல்லில் கொட்டினார்கள். பனிக்காலத்தில் குண்டின் முதுகில் பனி படிந்தது. பெலாகியா முக்காலி போட்டு உட்கார்ந்து, முழங்கையால் அதைத் துடைத்துவிடுவாள். இரண்டாம் வருஷம் அது தலைக்கு மேலே ஏறிவிட்டது, குருவிகள் வந்து உட்கார்ந்தன. மூன்றாம் வருஷம் கம்பத்தை நெருங்கியது. ஊரே பூசையில் இருந்த நேரம் பார்த்து ஜெப்கா ஏணி வைத்து ஏறி, கோழி வெட்டுகிற இரும்புத் தட்டைக் குண்டுக்கு முன்னால் கம்பத்தில் கட்டிவிட்டு, வந்து முதல் வரிசையில் மண்டியிட்டு நாக்கை நீட்டி நற்கருணை அப்பம் வாங்கினார். தீர்ப்புச் சொன்ன அதே நாக்கில்! குண்டு அவசரப்படவில்லை. தட்டைத் துளைத்து மறுபக்கம் வர ஒரு கோடைகாலம் எடுத்துக்கொண்டது.

சேவலின் மரக்கால் விழுந்தபோது சத்தம்கூடப் பெரிதாக இல்லை. ராஜா தன் கையாலேயே சங்கிலியைக் கழற்றிப் புது ராஜாவுக்குப் போட வேண்டும், அது வழக்கம். ஜெப்கா கையுறையைக் கழற்றிவிட்டுக் கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனார். கொக்கி கழலவில்லை. அப்போதுதான் எல்லாரும் பார்த்தார்கள், கையுறைக்குள் இத்தனை நாள் மறைத்து வைத்திருந்த அந்த விரல்களும் கணுக்கணுவாக வீங்கிக் கோணியிருந்தன. ஐஸ் தண்ணீர் பக்கமே போகாத கை. முகம் சிவக்கக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டுக் கையைத் தொங்கப்போட்டார். உதவ ஒருத்தரும் முன்வரவில்லை. நேற்றுவரை அந்தக் கையை முத்தமிட்டவர்கள் அதற்குள் பெலாகியாவின் பக்கம் போய் நின்றுகொண்டிருந்தார்கள். த்தூ!

பெலாகியா தன் தோல்வாரை எடுத்தாள். கொக்கியில் மாட்டி, கட்டையைப் பல்லில் கடித்து, ஜெப்காவின் பிடரிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துத் தலையை இழுத்தாள். சங்கிலி கழன்று வந்தது. வியர்வையும் தைலமும் கோழிக்குடலும் சேர்ந்து அடித்த நாற்றத்தில் அவளுக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது, புல்லில் காறித் துப்பினாள். ஒனூஃப்ரி அவள் கழுத்தில் வெள்ளிச் சேவலை மாட்டிவிட்டார்.

"பெலாகியா," என்றார் ஜெப்கா, குரலைத் தாழ்த்தி. "அந்த வார் மாதிரி எனக்கும் ஒண்ணு செஞ்சு தருவீங்களா?"

முதல் தடவையாக வந்த 'ங்க'.

"செஞ்சு தரச் சொல்றேன் முதலாளி. பல்ல மட்டும் விளக்கிட்டு வாங்க."

ஒனூஃப்ரி செய்து கொடுத்தார், கம்பளி சுற்றிய கட்டை, கவைக்கொம்பு எல்லாமும். அடுத்த சேவல் ஞாயிறன்று ஜெப்கா வாரைக் கடித்துச் சுட்டார். அன்றைக்கும் ஒரு துண்டுதான் மிஞ்சியிருந்தது, கடைசி ஆள் அவர். அவர் குண்டு அவளுடையதைவிட மெதுவானது. கிளம்பி ஆறு வருஷம் ஆகிறது, இன்னும் திடலோரக் கிணற்றடியைத் தாண்டவில்லை. ஞாயிறு தவறாமல் ஜெப்கா வந்து அதன் பக்கத்தில் நிற்கிறார். பூசை முடிந்து வெள்ளிச் சேவலோடு அந்த வழியாகப் பால் வாங்கப் போகும் பெலாகியாவிடம், பழையதைத் தள்ளிவிட்டுப் புதுச் சேவல் வைத்தால் என்ன என்று கேட்கிறார்.

"குண்டு போய்க்கிட்டிருக்கு முதலாளி," என்கிறாள் அவள். "போட்டி முடியல."

திடலில் புல் வெட்டுகிறவர் அந்த இடம் வந்ததும் குண்டுக்கு அடியில் குனிந்து வெட்டுகிறார்.